பகலில் மட்டும் நிறையும் கப்பல்

மூழ்கிய கப்பல்களைப் பற்றி ஸ்கூபா டைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு வாக்கியம் வந்தே தீரும்: கப்பல் போனது மனிதனுக்கு நஷ்டம், கடலுக்கு லாபம். எகிப்தின் ஹுர்காடாவிலிருந்து கிளம்பிய படகு ஒன்றின் மேல்தளத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், இதை ஒரு ஜெர்மன்காரர் கொஞ்சம் விரிவாகவே சொன்னார். ஒவ்வொரு நாடும் தன்னுடைய பழைய கப்பல்களைச் சுத்தம் செய்து கரையோரமாக மூழ்கடித்துவிட்டால் மீன்பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்பது அவர் கணக்கு. அமெரிக்கா செய்யவில்லையா என்று உதாரணமும் கொடுத்தார். மேசையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டாமல் இருப்பதும் கஷ்டம்தான். சற்று முன்புதான் நாங்கள் எல்லோரும் செங்கடலில் மூழ்கிக் கிடக்கும் 'கார்நாட்டிக்' கப்பலுக்குள் போய்விட்டு வந்திருந்தோம். உள்ளே இருந்த மீனைப் பார்த்தவர் யாரும் அந்தக் கணக்கோடு சண்டைக்குப் போக மாட்டார்கள்.

எனக்கும் கையில் வாதம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் மனதில் ஒட்டவில்லை. லாபம் சரி, எந்த மீனுக்கு, எந்த நேரத்தில், கடைசியில் அதை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள்? அன்று சாயங்காலமே பாதிப் பதில் கிடைத்தது. அதற்குப் பிறகு படித்தவையும், ஊருக்கு வந்து ஒருவரிடம் கேட்டவையும் சேர்ந்து அந்தப் பாதியை இன்னும் சிக்கலாக்கிவிட்டன.

கார்நாட்டிக்கின் உள்ளே

சூயஸ் வளைகுடா செங்கடலோடு சேரும் வாயில், ஷத்வான் தீவுக்கு வடக்கே, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒளிந்திருக்கிறது அபு நுஹாஸ் என்ற பவளத்திட்டு. கப்பல் பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு திட்டு இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்திருக்கிறது. 1978இல் கிமோன் எம், 1981இல் கிறிசூலா கே, 1983இல் ஜியானிஸ் டி என்று சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதி அதன் வடக்குச் சரிவில் கிடக்கின்றன. கார்நாட்டிக் அவற்றுக்கெல்லாம் நூறு வருஷம் மூத்தது.

பி அண்டு ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்துக்காக லண்டனில், தேம்ஸ் கரையில், 1862இல் கட்டிய கப்பல் அது. பாய்மரமும் உண்டு, நீராவி எஞ்சினும் உண்டு. 1869 செப்டம்பரில், சூயஸ் கால்வாய் திறக்க இரண்டே மாதம் இருக்கும்போது, பயணிகள், தபால், பஞ்சுப் பொதி, செப்புத் தகடு, கூடவே 40,000 பவுண்டு மதிப்புள்ள தங்கம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சூயஸிலிருந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. 13ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் அபு நுஹாஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதே நிறுவனத்தின் சுமத்ரா கப்பல் அந்த வழியாக வரவேண்டியிருந்தது. அதை நம்பி, எல்லோரும் கப்பலிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்று கேப்டன் முடிவு செய்தார். ஒரு முழுப் பகலும் இன்னொரு இரவும் அப்படியே கழிந்தன. மறுநாள் காலை ஆட்களைப் படகுகளில் இறக்கத் தொடங்கிய வேளையில் கப்பல் இரண்டாக உடைந்தது. 31 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் ஷத்வான் தீவில் கரையேறி, கடைசியில் சுமத்ராவாலேயே காப்பாற்றப்பட்டார்கள். தங்கத்தின் பெரும்பகுதியைக் காப்பீட்டுத் தரப்பு அனுப்பிய ஆட்கள் முக்குளித்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது என்று வழிகாட்டிகள் கண்ணைச் சிமிட்டுவார்கள். அது டிப்ஸுக்கான கதை.

இப்போது கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதிகபட்ச ஆழம் 27 மீட்டர் இருக்கும். இரும்புச் சட்டங்களின் மேல் பலகை பாவிய தளங்கள் அந்தக் காலத்தில். பலகை எல்லாம் எப்போதோ மட்கிப்போய்விட்டது, குறுக்குச் சட்டங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அதனால் மூழ்கிய கப்பல் என்றதும் மனதில் வரும் இருட்டறை இங்கே கிடையாது. சட்டத்துக்குச் சட்டம் இடைவெளியில் வெளிச்சம் சாய்வாக விழுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளியே நீலம் தெரிகிறது. நிழலும் உண்டு, ஓடிப்போக வழியும் உண்டு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தச் சட்டங்களுக்கு நடுவேதான் கண்ணாடி மீன்கள். உடம்புக்குள் வெளிச்சம் ஊடுருவுகிற எந்தக் குட்டி மீனையும் டைவர்கள் கண்ணாடி மீன் என்றுதான் சொல்வார்கள். இங்கே நான் சொல்வது பாரபிரியாகாந்தஸ் என்ற பேரினத்து மீன்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம். வாலை நோக்கிப் போகப்போக உடம்பின் உள்ளே முள்ளே தெரியும். வயிறு மட்டும் வெள்ளியாகப் பளபளக்கும். முதுகில் செம்பும் பொன்னும் கலந்த ஒரு சாயல். கண் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. அந்தக் கண்ணே இந்த மீனின் வாழ்க்கை பகலில் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அங்கே மிதந்துகொண்டிருந்தபோது எனக்கு அது உறைக்கவில்லை. வாய்பிளந்து பார்க்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

மூச்சை நிதானமாக்கிக்கொண்டு ஒரு சட்டத்தின் கீழே அசையாமல் நின்றேன். எல்லா மீனும் ஒரே பக்கம் முகம் வைத்து, நீரோட்டத்துக்கு எதிராக மெதுவாகத் துடுப்பசைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நான் மூச்சு விட்டதும் ரெகுலேட்டரிலிருந்து குமிழிகள் கிளம்புகிற சத்தத்தில் மொத்தக் கூட்டமும் ஒரு விரற்கடை பின்வாங்குகிறது. அந்த நடுக்கம் இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போய்ச் சேருவதைக் கண்ணால் தொடர முடிகிறது. கையை நீட்டினால் கையைச் சுற்றி, கையின் வடிவத்திலேயே வெற்றிடம் உண்டாகிறது. கையை நகர்த்தினால் வெற்றிடமும் நகர்கிறது. எவ்வளவு வேகமாக வீசினாலும் ஒரு மீன்கூட விரலில் படாது. உடம்பை முன்னே செலுத்தினால் கூட்டம் தலைக்கு முன்னால் பிரிந்து, காலுக்குப் பின்னால் மறுபடி சேர்ந்துகொள்கிறது. துரத்தி வருகிற எதிரியின் முதுகுப்பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் உத்தி இது. கடலில் பெரும்பாலான கூட்டமீன்கள் இதைத்தான் செய்கின்றன.

இதற்குத் தலைவன், தளபதி யாரும் கிடையாது. ஒவ்வொரு மீனும் தன் பக்கத்தில் இருப்பவற்றைக் கவனித்துத் திரும்புகிறது, அவ்வளவுதான். கண்ணால் மட்டுமல்ல. மீனின் இரு பக்கமும் ஓடுகிற பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு, அடுத்த மீனின் வாலசைவு தண்ணீரில் உண்டாக்கும் அழுத்தத்தைக்கூட அறியும். 1976இல் டோனி பிட்சரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். வட கடலின் செய்த் மீன்களில் சிலவற்றைப் பார்வை இல்லாமல் செய்து கூட்டத்தோடு விட்டார்கள். அவையும் வரிசை தப்பாமல் சேர்ந்தே நீந்தின. இருட்டில் சேர்ந்து போக வேண்டிய மீனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சட்டத்தின் ஓரமாகக் கரும்பழுப்பில் ஒரு கலவா நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்தால் உள்ளே செக்கச்செவேல் என்றிருக்கும் வகை. கண்ணாடி மீன் கூட்டம் இருக்கிற பொந்துகளில் இந்தக் கலவா ஒன்று காவல் இருப்பது செங்கடலில் வழக்கமான காட்சி. காவல் என்பது டைவர்களின் பேச்சு. உண்மையில் அது சமையலறைக்குள்ளேயே குடியிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு தடவை பாய்ந்தது, இரண்டு தடவையும் வெறும் வாய்தான். ஆயிரம் மீன் ஒரே மாதிரி ஒரே நேரத்தில் அசையும்போது எதைக் குறிவைப்பது என்று வேட்டையாடிக்குப் பிடிபடுவதில்லை. கூட்டத்திலிருந்து ஒன்று கொஞ்சம் விலகினால் போதும், அப்போது கதை வேறு.

ஆக, மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் தலைக்குள்ளும் இந்தக் காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. கப்பல் இல்லையென்றால் இவ்வளவு மீன் இங்கே ஏது?

குபால் தீவில் பொழுது சாயும்போது

அபு நுஹாஸின் வடக்கு முகத்தில் காற்றும் அலையும் அடித்துக்கொண்டே இருக்கும். இரவு தங்க அது இடமில்லை. படகுகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சின்ன குபால் தீவின் ஒதுக்குப்புறத்துக்குப் போய்விடும். அங்கே அதிக ஆழமில்லாத இடத்தில் ஒரு பழைய தட்டைச் சரக்குப் படகு கிடக்கிறது. ஊர் பேர் எதுவும் இல்லை, எல்லோரும் பார்ஜ் என்றே சொல்கிறார்கள். பக்கச்சுவர்களும் சில மடிந்த தகடுகளும்தான் மிச்சம். இரவு டைவுக்குப் பேர்போன இடம். நன்றாக இருட்டிய பிறகுதான் எல்லோரும் அங்கே இறங்குவார்கள். அன்றைக்கு இன்னொரு படகு வந்து நின்றுவிட்டதால், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று எங்கள் வழிகாட்டி சூரியன் விழுந்துகொண்டிருக்கும்போதே இறக்கிவிட்டார். இந்த அவசரம் இல்லாவிட்டால் நான் அந்த நிகழ்ச்சியைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

மடிந்த தகடு ஒன்றின் அடியில், காலையில் பார்த்ததுபோலவே, கண்ணாடி மீன்கள் அடைந்து கிடந்தன. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பகல் மீன்கள், அந்த ஆரஞ்சு நிற ஆந்தியாஸ்களும் கிளிமீன்களும், ஒவ்வொன்றாகப் பவளத்தின் இடுக்குகளுக்குள் இறங்கின. அதற்குப் பிறகு சற்று நேரம் எதுவுமே நடக்கவில்லை. எட்மண்ட் ஹாப்சன் என்ற கடலுயிரியலாளர் ஹவாயில் பல அந்திகளைத் தண்ணீருக்கடியில் கழித்து 1972இல் இந்த இடைவேளையைப் பற்றி எழுதியிருக்கிறார். பகல் ஷிஃப்ட் முடிந்து போய்விடும், இரவு ஷிஃப்ட் இன்னும் வந்திருக்காது. பாய்ந்து பிடிக்கிற மீன்களுக்கு அதுதான் நல்ல வேளை. கீழேயிருந்து பார்க்கிற அவற்றுக்கு மேலே போகிறவை வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். அவை மட்டும் இருட்டில் இருக்கும்.

தகட்டின் கீழே கூட்டம் தளர்ந்ததை முதலில் கவனித்தேன். மீனுக்கும் மீனுக்கும் இடையே தூரம் கூடியது. ஓரத்தில் இருந்த சில மீன்கள் ஒரு முழம் வெளியே போய்ப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பின. மறுபடி போயின, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தூரம். கூடவே இன்னும் சில. வெளியே இரண்டு சிங்கமீன்கள் துடுப்புகளை விரித்துக்கொண்டு வாசலுக்கு இரு பக்கமும் வந்து நின்றிருந்தன. அவற்றுக்கு நேரம் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஏதோ ஒரு கணத்தில் போனவை திரும்பவில்லை. பின்னாலிருந்தவை அவற்றின் வழியிலேயே, ஒற்றைத் தாரையாக, தகட்டின் ஒரே மூலையிலிருந்து மேலே சாய்வாகக் கிளம்பின. பாரை மீன் இரண்டோ மூன்றோ குறுக்கே வெட்டிப் பாய்ந்தன. தாரை அறுந்து, உடனே ஒட்டிக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. டார்ச்சை அடித்துப் பார்த்தால் தகட்டின் அடியில் துரு, கடற்பஞ்சு, இறாலின் சிவந்த கண்கள், ஒரு மூலையில் அஞ்சாலை என்கிற, பாம்பு போன்ற தடித்த மீன் ஒன்று. கண்ணாடி மீன் ஒன்றுகூட இல்லை.

மற்றவர்கள் அஞ்சாலையைப் படம் பிடிப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். என்னால் அந்தத் தகட்டை விட்டு நகர முடியவில்லை. கார்நாட்டிக்கின் உள்ளேயும் இந்நேரம் இதுதான் நடந்துகொண்டிருக்கும். காலையில் நாங்கள் பார்த்து வாய்பிளந்த அவ்வளவு மீனும் இப்போது கப்பலுக்கு வெளியே, திறந்த கடலில், எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

தலை எண்ணிக்கை

திரும்பி வந்து படித்தால், இது ஆராய்ச்சியாளர்களுக்குப் பழைய செய்திதான். இந்தக் குடும்பத்து மீன்கள் பகலெல்லாம் குகையிலோ பாறை நிழலிலோ ஒண்டியிருந்துவிட்டு, இருட்டியதும் வெளியே போய் மிதவை உயிரிகளைத் தின்றுவிட்டு, விடியுமுன் திரும்புகிறவை. பகலில் அவை ஏறக்குறைய எதுவும் சாப்பிடுவதில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு மீனைப் பற்றி 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு இன்னும் அழகு. அந்த மீனுக்கு வயிற்றுப்பக்கம் ஒளி உறுப்பு உண்டு. கீழேயிருந்து பார்க்கிறவனுக்குத் தன் நிழல் தெரியாமல் மறைத்துக்கொள்ள அது உதவுவதாகக் கருதுகிறார்கள். ஒளிக்கு வேண்டிய நொதியை மீன் தானாகத் தயாரிப்பதில்லை. சில மில்லிமீட்டரே உள்ள ஆஸ்ட்ரகாட் என்ற ஓட்டுயிரியைத் தின்று, அதன் உடம்பிலிருக்கும் லூசிஃபெரேஸ் நொதியைச் செரிக்காமல் அப்படியே எடுத்துத் தன் ஒளி உறுப்பில் வைத்துக்கொள்கிறது. தொட்டியில் வளர்த்து அந்த இரையைக் கொடுக்காமல் விட்டால் நாளடைவில் வெளிச்சம் மங்கிவிடுகிறது. இரவு வெளியே போய் வந்தால்தான் இரவில் வெளியே போகவே முடியும். இந்த வாழ்க்கையில் கப்பலின் பங்கு பகல் தூக்கம் மட்டுமே.

இரவு இரண்டு மணிக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றுக்குள் போய்த் தலையை எண்ணிவிட்டு, இந்தக் கட்டடம் வருஷத்துக்கு இத்தனை ஆண்பிள்ளைகளை உற்பத்தி செய்கிறது என்று எழுதினால் எப்படி இருக்கும்? கப்பலுக்குள் பகலில் போய் மீனை எண்ணுகிறவர் செய்வது கிட்டத்தட்ட அதுதான். மேன்ஷன் இல்லாவிட்டால் அந்தப் பையன்களுக்கு ஊரில் தங்கவே முடியாது என்பதும் உண்மை. ஆனால் அவர்களுடைய சம்பளம் மேன்ஷனிலிருந்து வருவதில்லை.

இந்தச் சண்டை மீன்வளத் துறைக்காரர்களிடையே பல வருஷமாக ஓடுகிறது. கடலுக்கடியில் எதையாவது போட்டால் மீன் பெருகுகிறதா, இல்லை அங்கங்கே இருந்த மீன் ஒரே இடத்தில் சேருகிறதா? அமெரிக்க மீனியலாளர் ஜேம்ஸ் போன்சாக் 1989இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு நியாயமாகப் பட்டது. எல்லா மீனுக்கும் ஒரே பதில் கிடையாது என்கிறார். அவர் சொல்வதை என் பாஷையில் சொன்னால்: ஒளிய இடம் இல்லாததால்தான் ஒரு மீனின் எண்ணிக்கை குறைவு என்றால் கப்பல் உதவும். சாப்பாடு போதாததாலோ, பிடித்துத் தீர்த்ததாலோ குறைவு என்றால் கப்பல் எதையும் உண்டாக்காது, இருப்பதைக் கூட்டிக் காட்டும். ஒரு பொந்தை விட்டு நகராத மீனுக்குப் பொந்து கிடைப்பது பெரிய விஷயம். நாடோடியாகத் திரிகிற, ஏற்கெனவே வலை துரத்துகிற மீனுக்கு அது இன்னொரு சந்திப்பு இடம்தான்.

கண்ணாடி மீன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நிழலும் பல வாசல்களும் உள்ள இடம் அதற்குக் கட்டாயம் வேண்டும். மட்கிப்போன தளப்பலகைகள் கார்நாட்டிக்கில் அதைத்தான் செய்து கொடுத்திருக்கின்றன. 1869இல் இருந்ததுபோல முழுசாக மூடிய கப்பலாகவே அது கிடந்திருந்தால் இவ்வளவு மீன் அடைந்திருக்குமா என்பது சந்தேகமே. அதே சமயம், இந்த மீன் வெறும் விருந்தாளியும் அல்ல. இரவில் வெளியே தின்றதைப் பகலில் கப்பலுக்குள் கழிக்கிறது. அந்தக் கழிவுதான் இரும்பில் ஒட்டி வளர்கிறவற்றுக்கு உரம். கரீபியன் கடலில் பிரெஞ்சு கிரண்ட் என்ற மீன்களை வைத்து இதை அளந்திருக்கிறார்கள். இரவெல்லாம் கடற்புல் வெளியில் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளத்தின் மேல் ஓய்வெடுக்கும் மீன் அது. மீன் கூட்டம் தங்குகிற பவளங்கள், தங்காத பவளங்களைவிட வேகமாக வளர்ந்ததாக 1983இல் மேயர், ஷுல்ட்ஸ், ஹெல்ஃப்மன் மூவரும் எழுதினார்கள். வீடு மீனை வளர்க்கிறதோ இல்லையோ, மீன் வீட்டை வளர்க்கிறது.

அதற்கடுத்த வருஷம் ஹெல்ஃப்மனும் ஷுல்ட்ஸும் செய்த வேலை இன்னும் என்னைக் குடைகிறது. இந்தக் கிரண்ட்கள் தினமும் அந்தியில் ஒரே தடத்தில் போய், ஒரே தடத்தில் திரும்புகின்றன. சில மீன்களைப் பிடித்து வேறொரு கூட்டத்தில் விட்டார்கள். வந்தவை ஊர்க்கார மீன்களின் பின்னால் போய்ப் போய்த் தடத்தைக் கற்றுக்கொண்டன. பிறகு ஊர்க்கார மீன்களை அப்புறப்படுத்திய பின்னும், வந்தவை அதே தடத்தில் போயின. பெரியவை போகிற வழியைப் பார்த்துச் சிறியவை கற்கிற வழக்கம் மீனிடமும் இருக்கிறது. அப்படியானால் ஒரு கூட்டத்தின் பெரிய மீன்களை மொத்தமாகப் பிடித்துவிட்டால் போவது எடை மட்டும்தானா? கண்ணாடி மீன்களுக்கும் இப்படித்தானா என்று தெரியாமல் இதை அவற்றின் மேல் ஏற்றக் கூடாது. ஆனால் குபாலில் அந்தத் தாரை தகட்டின் ஒரே மூலையிலிருந்து கிளம்பியதை நான் பார்த்தேன்.

ஜெர்மன்காரரின் அமெரிக்க உதாரணத்துக்கு வருகிறேன். அவர் சொன்னது ஓரிஸ்கனி. 270 மீட்டர் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பல். 2006 மே 17 அன்று ஃப்ளோரிடாவின் பென்சகோலாவுக்கு அப்பால் வெடிவைத்து மூழ்கடித்தார்கள். முப்பத்தேழு நிமிஷத்தில் அடிமண்ணில் நேராகப் போய் உட்கார்ந்தது. டைவர்களுக்கு யாத்திரைத் தலம். சுத்தம் செய்துதான் இறக்கினார்கள், ஆனால் கேபிள் உறைகளிலும் பிறவற்றிலும் ஊறியிருந்த பிசிபி என்ற நச்சுப் பொருளை முழுக்க எடுக்க முடியாமல், சிறப்பு அனுமதி வாங்கி, ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிட்டார்கள். இதைச் சாப்பாட்டு மேசையில் யாரும் சொல்லவில்லை.

நடுப் பசிபிக்கில் பால்மைரா என்ற பவளத்தீவில் நடந்தது இதைவிட மோசம். 1991இல் ஒரு தைவான் மீன்பிடிக் கப்பல் அங்கே மூழ்கியது. இரும்புச் சத்துக்கே பஞ்சமான கடல் அது. கப்பல் துருப்பிடிக்கப் பிடிக்க, பவளத்துக்கு உறவான ரோடாக்டிஸ் என்ற உயிரி கப்பலைச் சுற்றி வெறிகொண்டு பரவிப் பவளங்களை மூடிவிட்டது. கப்பலுக்கு அருகே அடர்த்தி அதிகம், தள்ளிப் போகப்போகக் குறைவு. கடைசியில் அமெரிக்க அரசு 2013இல் ஆளனுப்பிக் கப்பலைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டியதாயிற்று. செங்கடலுக்கும் பால்மைராவுக்கும் தண்ணீரே வேறு, அதனால் கார்நாட்டிக்குக்கு இது பொருந்தாது. நல்ல கப்பல், கெட்ட கப்பல் என்பது கப்பலை மட்டும் பொறுத்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குளச்சல் அண்ணன் சொன்னது

ஊருக்கு வந்தபோது இதையெல்லாம் குளச்சலில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணனிடம் சொன்னேன். கர்நாடகக் கரையோரம் போய்க் கணவாய் பிடித்தவர். அந்தத் தொழில் கேள்விப்படாதவர்களுக்காக: தென்னங்குலை, ஓலை இவற்றைக் கயிற்றில் கட்டி, மணல் மூட்டையைப் பாரமாக வைத்துக் கடலில் இறக்கிவிடுவார்கள். முட்டை வைக்க இடம் தேடி வரும் கணவாய் அங்கே கூடும். சில நாள் கழித்துப் போய்த் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டியதுதான். குமரி மாவட்டத்து ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். அங்கே உள்ளூர் விசைப்படகுக்காரர்களோடு இதனால் தகராறும் வந்திருக்கிறது. முட்டையிட வந்த கணவாயைப் பிடித்தால் அடுத்த வருஷத்துக்கு என்ன மிஞ்சும் என்று கடல்மீன் ஆய்வாளர்களும் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார்கள்.

நான் மூழ்கிய கப்பல், உற்பத்தி, ஈர்ப்பு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே புரிந்துகொண்டார்.

"மீனு எங்கயும் உண்டு தம்பி. பரந்து கெடக்கும். நாம ஒரு எடத்துக்கு வரவழைக்கோம், அவ்வளவுதான். குலையா இருந்தா என்ன, கப்பலா இருந்தா என்ன?"

"அப்போ கப்பலைப் போட்டா மீன் கூடாதுன்னு சொல்றீங்களாண்ணே?"

"கூடும். கூடுனா வள்ளமும் கூடும்லா. அதுக்கு யாரு கணக்கு வச்சிருக்கா?"

நம் கரையில் மீன் அடைய அரசு இறக்குகிற செயற்கைப் பார்கள், அதாவது கடலடித் திட்டுகள், இரும்பல்ல, சிமெண்டு. முக்கோணமாகவும் கிணற்று உறை போலவும் வார்த்து இறக்குகிறார்கள். துருவும் இல்லை, கேபிளும் இல்லை. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு கரைந்து போகாமலிருக்கவும் சிமெண்டுக் கட்டமைப்புகளை இறக்கினார்கள், அதில் மீனும் குடியேறியது. நான் இவற்றுக்கு எதிரி இல்லை. கட்டுமரமும் நாட்டுவள்ளமும் வைத்திருக்கிறவருக்கு, டீசலை எரித்து எங்கெங்கோ அலையாமல் பக்கத்திலேயே ஒரு பார் இருந்தால் எவ்வளவு மிச்சம் என்பது தெரியாமல் பேசக் கூடாது. எனக்குப் பிரச்சினை, மீன் கூடியதைக் காட்டும் பகல் நேரப் படத்தை வைத்துக்கொண்டு மீன் பெருகிவிட்டது என்று சொல்லும்போதுதான். பெருகியது என்று சொல்ல வேண்டுமானால் சுற்றுவட்டாரத்தில் குறையவில்லை என்று காட்ட வேண்டும், பல வருஷம் எண்ண வேண்டும், இரவிலும் எண்ண வேண்டும். காவல் போடுவதென்றாலும் கப்பலைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் வரைந்தால் போதாது. மீன் ராத்திரி போய்ச் சாப்பிடுகிற இடம் அந்த வட்டத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தானாக மூழ்கி நூற்றைம்பது வருஷம் ஆன கார்நாட்டிக்கை அப்படியே விட்டுவிடலாம். அது கக்க வேண்டியதில் பெரும்பகுதியை எப்போதோ கக்கியிருக்கும். புதிதாக ஒன்றை வேண்டுமென்றே மூழ்கடிக்க வேண்டும் என்றால், என் ஓட்டு கிடைக்காது.

அண்ணனுக்கு இந்த வட்டத்தில் எல்லாம் ஆர்வமில்லை. குபாலில் பார்த்ததை, அந்தி வேளை, சிங்கமீன்கள், ஒரே மூலையிலிருந்து கிளம்பிய தாரை எல்லாவற்றையும் சொன்னபோது மட்டும் பீடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கிரண்ட் மீன்கள் தினமும் ஒரே தடத்தில் போவதையும், அதைப் புதிதாக வந்தவை பின்னால் போய்க் கற்றுக்கொள்வதையும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"இங்க நம்ம பார்லயும் அப்படி ராத்திரி எறங்கிப் போற மீனு உண்டும். செரி, அது எந்தப் பக்கமா போவும்னு ஒங்க படிச்ச ஆளுவ யாராவது குறிச்சு வச்சிருக்காவளா?"

எதற்கு என்று கேட்டேன்.

"எதுக்கா? வலைய அங்கல்லா போடணும்" என்றார்.